போர்வெல் மோட்டாரும் கத்திரி வெயிலும்

தர்மபுரி மாவட்டத்தின் பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் கோடையில் போர்வெல் மோட்டார் எரிந்தால் "வெயிலுக்குக் காயில் போயிடுச்சு" என்பார்கள். அதைச் சோதிக்க நினைப்பவர் பெரும்பாலும் எக்செல்லில் தினசரி வெப்பநிலையையும் பழுது எண்ணிக்கையையும் போட்டு ஒரு நேர்கோடு இழுப்பார். அந்த முறை இங்கே பொருந்தாது. ஓர் ஊரில் ஒரு நாளில் எரியும் மோட்டார் அநேகமாக 0, சில நாள் 1, எப்போதாவது 2. இதற்கு நேர்கோடு போட்டால், மார்கழிக் குளிரில் மைனஸ் அரை மோட்டார் எரியும் என்றுகூட விடை வரலாம்.

அரிதாக நடப்பதை எண்ணுவதற்கென்றே இருப்பது பாய்சான் பரவல் (Poisson distribution). சராசரி தெரிந்தால், 0, 1, 2 என்று ஒவ்வொரு எண்ணிக்கையும் வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் சூத்திரம் அது. பிரஷ்யப் படையில் குதிரை உதைத்து இறந்தவர்களின் கணக்கை 1898இல் புள்ளியியலாளர் போர்ட்கீவிச் இதில் பொருத்திக் காட்டினார். 10 படைப்பிரிவு, 20 ஆண்டு, ஆக 200 பதிவுகள். மொத்தம் 122 மரணங்கள். 109 பதிவுகளில் ஒரு மரணமும் இல்லை. பாய்சான் சூத்திரம் சொல்வதும் கிட்டத்தட்ட 109தான்! அந்தப் பூஜ்யங்களை விட்டிருந்தால் கணக்கே நின்றிருக்காது. காயில் கட்டும் பட்டறை நோட்டில் மோட்டார் வந்த நாள் மட்டும்தான் இருக்கும். வராத நாட்களுக்கு 0 போட்டுச் சேர்ப்பது நம் வேலை.

சரி, இந்தக் கணக்கில் எந்த வானிலை அளவைச் சேர்ப்பது? பல நூறு அடி ஆழத்தில் தண்ணீருக்குள் கிடக்கும் மோட்டாருக்கு மேலே அடிக்கும் மதிய வெயில் தெரியவே தெரியாது. மழையில்லாத வாரங்கள் நீளும்போது நீர்மட்டம் இறங்குகிறது, மோட்டார் கூடுதல் நேரம் ஓடுகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் ஓட்டுவதால் வோல்டேஜ் குறைகிறது. அதே வேலைக்கு மோட்டார் அதிக கரண்ட் இழுக்க, காயில் சூடாகிறது. மோட்டாரைக் குளிர்விப்பதும் சுற்றி ஓடும் தண்ணீர்தான். அது வற்றினால் கதை முடிந்தது. அதனால் அன்றைய வெப்பநிலையைவிட, கடைசி மழைக்குப் பின் எத்தனை நாள் ஆனது என்பதே நல்ல அளவு. மோட்டார் ஓடிய மணிநேரத்தையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் அதிகம் ஓடியதால் வந்த பழுதும் வெயிலின் கணக்கில் ஏறிவிடும்.

கம்பத்து ட்ரான்ஸ்பார்மர் வேறு கதை. அதை வெயில் நேரடியாகவே தாக்கும். உள்ளே சூடு 6 முதல் 10 டிகிரி ஏறினாலே இன்சுலேஷனின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். அங்கே அன்றைய வெப்பநிலை அவசியம்.

அப்புறம் கோடை இடி. ஒரே இடியில் நாலைந்து மோட்டார் சேர்ந்து போனால் எண்ணிக்கையின் சிதறல் (variance) சராசரியை மிஞ்சிவிடும். பாய்சானில் இரண்டும் சமமாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட தரவுக்கு சிதறல் சராசரியைவிடக் கூடுதலாக இருக்க இடம் தரும் எதிர்மறை ஈருறுப்புப் பரவலை (negative binomial) எடுத்துக்கொண்டு, இடி இடித்த நாளுக்கு 1, மற்ற நாளுக்கு 0 என்று தனி நெடுவரிசை (column) ஒன்றும் சேர்க்க வேண்டும்.