மரபணுவைக் கட்டுத்தறியில் கட்டலாமா?

வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கம் ஓர் ஊரில் கறவை மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு. நானும் போய் உட்கார்ந்திருந்தேன். திரையில் தலைப்பு விழுந்தது: ‘கறவைப் பசுக்களில் பால் புரத மரபணு கட்டுப்பாடு’. பின்வரிசையிலிருந்து ஓர் அக்கா கேட்டார்: “இன்னா சார், மாட்டுக்கும் கட்டுப்பாடு பண்ணிட்டா கன்னு எப்பிடிப் போடும்? பால் எங்கருந்து வரும்?”

எல்லாரும் சிரித்தார்கள். அந்த அக்கா கேட்டதில் தப்பே இல்லை. நம் சனங்களுக்குக் கட்டுப்பாடு என்றால் முதலில் குடும்பக் கட்டுப்பாடு, அடுத்தது ஊர்க் கட்டுப்பாடு, சர்க்கரை வந்தால் உணவுக் கட்டுப்பாடு. மூன்றிலும் ‘செய்யாதே’தான்.

திரையில் இருந்த ‘கட்டுப்பாடு’ ஆங்கிலத்தில் ‘ரெகுலேஷன்’, மரபணுவின் வேலையை ஏற்றுவதும் இறக்குவதும். லத்தீனில் ‘ரெகுலா’ என்றால் நேரான கோல். நம் வாத்தியார்கள் கையில் இருந்த ரூல்தடியும் அந்த வழியில் வந்ததே. கட்டுப்பாடோ ‘கட்டு’ என்பதிலிருந்து பிறந்தது. கயிறு, முளைக்குச்சி, கட்டுத்தறி எல்லாம் அதற்குள் இருக்கின்றன. மாட்டைக் கட்டலாம், மரபணுவை எங்கே கட்டுவது?

பசுவின் உடலில் நடப்பதைப் பார்த்தால் இந்தச் சொல் எவ்வளவு கோணல் என்பது புரியும். பால் புரதத்தில் ஏறக்குறைய 80 விழுக்காடு கேசீன். அதற்கான நான்கு மரபணுக்களும் 6ஆம் குரோமோசோமில், சுமார் 2,50,000 டி.என்.ஏ. எழுத்து நீளத்துக்குள், ஒரே தெருவில் வீடு கட்டிய அண்ணன் தம்பிகள் போல அடுத்தடுத்து இருக்கின்றன. மாட்டின் நாக்கிலும் தோலிலும் உள்ள செல்களிலும் இதே மரபணுக்கள் உண்டு. ஆனால் அங்கே யாரும் அவற்றை வாசிப்பதில்லை, அதாவது அவற்றில் எழுதியிருக்கிற புரதத்தைச் செய்வதில்லை. மடியில்தான் வாசிப்பு நடக்கிறது. முதல் சினைக் கிடேரியின் மடியிலும் முழு வாசிப்பு உடனே தொடங்காது, பிரொஜெஸ்டிரோன் என்ற சினைக்கால ஹார்மோன் தடுத்து வைத்திருக்கும். கன்று போடும் சமயத்தில் அது சரிகிறது, பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் ஏறுகிறது. மடிச் செல்லின் மேலே புரோலாக்டின் வந்து ஒட்டியதும் உள்ளே ஸ்டாட்5 என்ற புரதம் முடுக்கப்பட்டு, செல்லின் உட்கருவுக்குள் போய், கேசீன் மரபணுவின் முன்பகுதியில் உட்கார்கிறது. கார்ட்டிசாலும் இன்சுலினும் கைகொடுக்கின்றன. அப்புறம்தான் வாசிப்பு வேகம் பிடிக்கிறது. மடிநோய் கடுமையாக வந்தால் அந்த முன்பகுதியில் மீத்தைல் குழுக்கள் என்ற சிறு வேதித் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு வாசிப்பு அடங்குவதையும் பார்த்திருக்கிறார்கள்.

இதில் பிரொஜெஸ்டிரோனும் மடிநோயும் செய்வதை வேண்டுமானால் கட்டுப்பாடு என்று சொல்லிக்கொள்ளுங்கள். புரோலாக்டின் செய்வது அவிழ்த்துவிடும் வேலை. அவிழ்ப்பதற்கும் கட்டுப்பாடு என்றே பெயர் வைத்தால் படிக்கிறவர் என்னதான் செய்வார்?

‘ஒழுங்குமுறை’ என்று ஒரு கட்சி இருக்கிறது. படித்தவர்கள் பலர் அந்தப் பக்கம். எனக்கு அதில் இன்னும் எரிச்சல். ஒழுங்குமுறை என்பது எழுதி வைத்த சட்டதிட்டம். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு மல்லாட்டை மூட்டை கொண்டுபோன எவருக்கும் அது தெரியும்: வரிசை, எடை, ஏலம், சீட்டு. மரபணு ஒழுங்குமுறை என்றால் மரபணுவுக்கு ஏதோ ஆணையம் அமைத்து அரசாணை போட்டதுபோல் இருக்கிறது. நடக்கிற வேலைக்குப் பெயர் கேட்டால் விதிப்புத்தகத்தின் பெயரைத் தருகிறார்கள். ‘ஒழுங்காற்றல்’ என்று மாற்றியவர்களும் உண்டு. அதைப் பார்த்தால் எனக்கு ஒழுங்கு நடவடிக்கைக் கடிதம்தான் நினைவுக்கு வருகிறது.

என் ஓட்டு ‘நெறிப்படுத்தல்’ என்பதற்கு. நெறி என்றால் வழி. வழியில் போகவிடுவதும் உண்டு, வழி தவறினால் நிறுத்துவதும் உண்டு. இரண்டுக்கும் அந்தச் சொல்லில் இடமிருக்கிறது. தொழுவத்தில் பேசும்போது இதுவும் கனமாகத் தெரிந்தால் ‘ஏற்றியிறக்கல்’ என்று சொல்லலாம். வீட்டில் ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்பாதவர் உண்டா? அதே சொல்தானே! ஒன்றில் வைப்பதும் அதுதான், ஐந்தில் வைப்பதும் அதுதான். ஃபேனைக் கட்டுப்படுத்தப் போகிறேன் என்று எழுந்து போகிறவரை நான் பார்த்ததில்லை.

அதே வகுப்பில் ‘புரமோட்டர்’ என்பதை ‘ஊக்குவிப்பாளர்’ என்று போட்டிருந்தார்கள். வேலூரில் புரமோட்டர் என்றால் ஏரிக்கரையோரம் கல் நட்டு மனை போடுகிறவர். மரபணுவில் அது ஆளே இல்லை, ஓர் இடம். வாசிப்பு தொடங்குகிற இடம். பாசனக்காரர்கள் வாயில் ‘வாய்மடை’ என்ற சொல் இன்னும் இருக்கிறது, தண்ணீர் வாய்க்காலுக்குள் நுழைகிற தலைப்பு. அதை எடுத்துக்கொள்ள எந்த மொழிபெயர்ப்பாளருக்கும் தோன்றாது. கலைச்சொல் பட்டியலைத் திறக்கிறவர்கள் கொல்லைப்பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.

தேநீர் வேளையில் அந்த அக்காவிடம் போய், அது கு.க. இல்லை, கன்று போட்டதும் மடிக்குள் வாய்மடை திறக்கிற கதை என்றேன். “அப்போ எங்க மாட்டுப் பாலுக்கு டிகிரி வராதது அதனாலயா?” என்று பிடித்துக்கொண்டார். டிகிரி என்றால் பால்மானி காட்டுகிற அளவு. தீவனத்தையும் கேட்க வேண்டும், மடிநோயையும் பார்க்க வேண்டும் என்று ஆரம்பித்தேன். அதற்குள் மணி அடித்துவிட்டது. கையில் கொடுத்த தாளிலும் ‘மரபணு கட்டுப்பாடு’தான், நடுவில் வரவேண்டிய ‘க்’ கூட இல்லாமல்.