ரெஸ்பிரேஷன்: சுவாசமா, உயிர்ப்பா?

கடல் பாக்டீரியாவைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதலில் இடறுகிற சொல் இதுதான். பாடநூல்கள் இதைச் 'சுவாசம்' என்கின்றன. தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் மார்பு ஏறி இறங்குவதும் மூக்கு வழியே காற்று போய் வருவதும்தான் மனத்தில் வரும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத கடல் பாக்டீரியாவுக்கு மூக்கு ஏது, நுரையீரல் ஏது? உள்ளே எடுத்துக்கொண்ட கரிமப் பொருளை அது சிதைக்கிறது. அதிலிருந்து கிடைக்கும் எலக்ட்ரான்களைக் கடைசியில் ஆக்சிஜனிடமோ வேறொரு பொருளிடமோ ஒப்படைக்கிறது. அந்தக் கைமாற்றத்தில் பிறக்கும் ஆற்றலில் வாழ்கிறது. சிதைந்த கரிமம் கார்பன் டை ஆக்சைடாக நீரில் கலந்துவிடுகிறது. உயிரியலில் ரெஸ்பிரேஷன் என்றால் இந்த வேதிவினைத் தொடர்தான்.

சொல் பிறந்த இடம் இலத்தீன். 'ஸ்பிராரே' என்றால் மூச்சு விடுதல், 'ரெ' என்றால் மீண்டும். ஆக, பிறப்பில் அதுவும் மார்போடு ஒட்டிய சொல்தான். 1780களில் பிரெஞ்சு அறிஞர்களான லவாய்சியேவும் லாப்லாஸும் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்துக்குள் வைத்து, அதன் உடல் வெப்பத்தில் உருகிய பனியை அளந்தார்கள். அது வெளியிட்ட வாயுவோடு அந்த அளவை ஒப்பிட்டு, மூச்சு என்பது மெதுவாக நடக்கும் எரிதலே என்ற முடிவுக்கு வந்தார்கள். எரிதல் நுரையீரலில் நடப்பதாக அன்று நினைத்தார்கள். அது உடலின் ஒவ்வொரு செல்லிலும் நடக்கிறது என்பது பிறகுதான் தெளிவானது. 1861இல் பாஸ்டர், ஆக்சிஜன் இல்லாமலே வாழும் நுண்ணுயிரைக் கண்டார். சொல் பழையதாகவே இருக்க, பொருள் மார்பை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது.

கடலோர நீரில் இந்தச் சொல்லுக்கு எவ்வளவு கனம் என்று பார்க்கலாம். கடலின் மேல்நீரில் ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 10 லட்சம் பாக்டீரியா இருக்கின்றன. வளமான கரையோரத்தில் இன்னும் அதிகம். ஆய்வகத்தில் ஊட்டப்பொருள் இட்ட தட்டில் வளர்த்து எண்ணிய காலத்தில் இவற்றில் நூற்றில் ஒன்றுகூடக் கணக்கில் வரவில்லை, ஏனென்றால் பெரும்பாலானவை தட்டில் வளர்வதே இல்லை. சாயமேற்றி ஒளிரவைத்து நுண்ணோக்கியில் எண்ணும் முறை 1970களில் பரவிய பிறகே உண்மை எண்ணிக்கை தெரிந்தது. கடலின் உயிர்ப்பில், அதாவது ரெஸ்பிரேஷனில், பெரும்பங்கு கண்ணுக்குத் தெரியாத இந்தக் கூட்டத்துடையது என்று கடல் ஆய்வாளர் பொமராய் 1974இல் வாதிட்டார். 1983இல் அஸாமும் உடன் பணியாற்றியவர்களும் 'நுண்ணுயிர் வளையம்' என்ற கருத்தை முன்வைத்தார்கள்.

வளையம் எப்படிச் சுழல்கிறது? மிதவைப் பாசிகள் கசியவிடும் கரிமமும், ஆறு அடித்துக்கொண்டு வரும் கரிமமும் நீரில் கரைந்து கிடக்கின்றன. மீனோ இறாலோ இதை நேரடியாக உண்டு பிழைக்க முடியாது. பாக்டீரியாவால் முடியும். பெரிய மூலக்கூறுகளை நொதிகளால் வெளியிலேயே வெட்டி, துண்டுகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அப்புறம் அந்தக் கரிமத்துக்கு இரண்டு வழி: ஒன்று, பாக்டீரியாவின் உடலாக மாறுவது, மற்றொன்று, உயிர்ப்பில் கழிவது. உடலானதை சாட்டை போன்ற இழையால் நீந்தும் நுண்ணிய கசையுயிரிகள் தின்னும், அவற்றைப் பெரியவை தின்னும். இல்லையென்றால் வைரஸ் தாக்கி உடைத்து, உடலானது மறுபடி கரைந்த கரிமமாகவே நீரில் சேரும். கழிந்ததோ உணவுச் சங்கிலிக்குத் திரும்புவதில்லை.

உள்ளே போன கரிமத்தில் எத்தனை பங்கு உடலாகிறது என்பதை 'பாக்டீரியா வளர்ச்சி வினைத்திறன்' என்கிறார்கள். வரவில் சேமிப்பு எவ்வளவு என்று பார்ப்பது போலத்தான். 1998இல் டெல் ஜார்ஜியோ, கோல் என்ற ஆய்வாளர்கள் அதுவரை வந்த அளவீடுகளைத் திரட்டிப் பார்த்தபோது, 5 விழுக்காட்டுக்கும் கீழிருந்து 60 விழுக்காடு வரை விரிந்து கிடந்தது. சத்து குறைந்த திறந்த கடலில் இது தாழ்ந்தும், கழிமுகங்களில் உயர்ந்தும் இருக்கிறது. காரணம் புரியக்கூடியதே: வளராவிட்டாலும் செல்லைப் பழுதுபார்க்க, உணவை உள்ளே இழுக்க, நொதி செய்ய ஆற்றல் வேண்டும். ஏழை நீரில் வரவில் பெரும்பகுதி இதிலேயே தீர்ந்துவிடும்.

அளப்பது அவ்வளவு எளிதல்ல. உயிர்ப்பை அளக்க, நீரை வடிகட்டிப் பெரிய உயிர்களை நீக்கி, இருட்டில் ஒரு நாள் வைத்து, எவ்வளவு ஆக்சிஜன் குறைந்தது என்று பார்க்கிறார்கள். இதற்கு 1888இல் விங்க்லர் வகுத்த வேதிமுறை இன்றும் பயன்படுகிறது. வளர்ச்சியை அளக்க, கதிரியக்கக் குறியிட்ட லூசினை (புரதத்தின் கூறு) அல்லது தைமிடினை (டி.என்.ஏ.வின் கூறு) செல்கள் எவ்வளவு வாங்கிக்கொள்கின்றன என்று பார்ப்பார்கள். ஒரு மணி நேரம் போதும். ஒன்று ஒரு நாள் அளவு, மற்றது ஒரு மணி நேர அளவு. போதாததற்கு, தின்பவற்றை நீக்கிவிட்ட புட்டிக்குள் பாக்டீரியாக் கூட்டமே மாறத் தொடங்கிவிடும். இதையெல்லாம் சொல்லாமல் ஒற்றை விழுக்காட்டைத் தூக்கிக் காட்டும் கட்டுரைகளை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

வயல் உரம் ஆற்றோடு கடலில் சேர்ந்தால் பாசி பெருகும், மடியும், அடியில் படியும். அதைப் பாக்டீரியா உண்ணும்போது அடிநீரின் ஆக்சிஜன் தீர்கிறது. லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் மீன்கள் ஓடிவிடும். ஓட முடியாதவை சாகும். இதற்கு 'இறந்த மண்டலம்' என்று பெயர். உயிர்ப்பு மிஞ்சிப்போனதால் வந்த சாவு அது.

சரி, தமிழ்ச் சொல். சுவாசம் வடமொழியின் 'ச்வாஸ'த்திலிருந்து வந்தது. அதுவும் காற்றை இழுத்து விடுவதையே குறிக்கிறது. மூச்சு என்றாலோ மூக்கு கூடவே வந்துவிடுகிறது. 'உயிர்ப்பு' பழைய சொல். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அடுக்கும் மெய்ப்பாடுகளில் உயிர்ப்பும் ஒன்று. பெருமூச்சை நெட்டுயிர்ப்பு என்பது இலக்கிய வழக்கு. ஆக, மூச்சு என்ற பொருள் அதிலும் உண்டு. ஆனால் சொல்லின் வேர் உயிரில் இருக்கிறது, மூக்கில் இல்லை. ஆக்சிஜனை உயிர்வளி என்பவர்களுக்கு இரண்டும் இயல்பாக இணையும். ஒரு சிக்கல் உண்டு. கிறித்தவ வழக்கில் உயிர்ப்பு என்றால் இறந்தவர் மீண்டும் எழுவது. அதனால் முதல்முறை எழுதும்போது 'செல்லின் உயிர்ப்பு' என்று முன்னொட்டோடு எழுதிவிட்டால் குழப்பம் வராது.

என் முடிவு: விலங்கின் நுரையீரலைப் பேசும்போது மூச்சோ சுவாசமோ இருக்கட்டும். செல்லுக்குள் நடப்பதற்கு உயிர்ப்பு. கடலோரச் சேற்றுக்குப் போனால் இந்த வேறுபாடு கட்டாயமாகிறது. சேற்றில் சில மில்லிமீட்டர் ஆழத்திலேயே ஆக்சிஜன் தீர்ந்துவிடுவது வழக்கம். அதற்குக் கீழே பாக்டீரியா எலக்ட்ரானை ஒப்படைக்க ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு, கடைசியில் கடல்நீரில் தாராளமாக உள்ள சல்பேட்டுக்கு வருகிறது. அழுகிய முட்டை நாற்றம் அதன் விளைவுதான். கரையோரச் சேற்றில் சிதையும் கரிமத்தில் ஏறத்தாழ பாதி இந்தச் சல்பேட் வழியே போகிறது. பாடநூல் இதைக் 'காற்றில்லா சுவாசம்' என்கிறது. மாணவர் குழம்பாமல் என்ன செய்வார்? 'ஆக்சிஜனற்ற உயிர்ப்பு' என்றோ, இன்னும் குறிப்பாகச் 'சல்பேட் உயிர்ப்பு' என்றோ எழுதலாம். நொதித்தலை இதோடு சேர்க்கக் கூடாது. அதில் எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள வெளிப்பொருள் தேவைப்படுவதில்லை. உண்ட பொருளின் துண்டே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.