தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியாதீர்கள்: பழைய டீசல் காரும் 90 டிகிரியும்

"இன்ஜின் ஹீட் ஆகுதுண்ணே, தெர்மோஸ்டாட்ட எடுத்துட்டா சரியாப் போயிடும்ல?" இன்ஜின் போதிய அளவு சூடாகும் வரை கூலண்டை, அதாவது இன்ஜினைச் சுற்றி ஓடிச் சூட்டை எடுக்கும் திரவத்தை, ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். பழைய டீசல் கார் வைத்திருப்பவர்களில் பலர் இந்த முடிவோடுதான் பட்டறைக்கு வருகிறார்கள். வேறு எங்கோ ஏற்கெனவே எடுத்துவிட்டு, "இப்ப முள்ளு ஏறவே மாட்டேங்குது, இன்ஜின் ஜில்லுனு ஓடுது" என்று சந்தோஷமாகச் சொல்பவர்களும் உண்டு. இந்த இரண்டாவது வண்டிகளைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை அதிகம். ஹீட் ஆகிற வண்டியைச் சொந்தக்காரர் எப்படியும் கொண்டுவந்து காட்டிவிடுவார். ஜில்லென்று ஓடுகிற வண்டியை, ஆயில் குடித்துப் புகை தள்ளும் வரை யாரும் காட்டுவதில்லை.

இண்டிகா, குவாலிஸ், பொலிரோ, பழைய ஸ்விஃப்ட் டீசல், எதுவானாலும் சரி. ஓட்டத்தில் கூலண்டின் சூடு பொதுவாக 80 முதல் 95 டிகிரி செல்சியஸுக்குள் நிற்க வேண்டும். முழு லோடில், ஏசி போட்டு மேடு ஏறும்போது 100ஐத் தொட்டுவிட்டு இறங்கினால் பதற வேண்டாம். 105ஐத் தாண்டியும் ஏறிக்கொண்டே போனால் ஓரங்கட்டிவிடுங்கள். இது எல்லாருக்கும் தெரிந்த பக்கம். அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓடிய பிறகும் 70ஐத் தாண்டவில்லை என்றால் அதுவும் கோளாறுதான். இதைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை அழுத்துவதில் பிறக்கும் சூட்டில்தான், 500 டிகிரிக்கும் மேல், டீசல் தானாகப் பற்றுகிறது. லைனரும் (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உள்சுவர்) ஹெட்டும் (சிலிண்டருக்கு மேல் மூடும் பாகம்) குளிர்ந்து கிடந்தால் அந்தச் சூட்டில் ஒரு பங்கை அவை உறிஞ்சிக்கொள்ளும். தெளித்த டீசல் முழுதாக எரியாது. எரியாத மிச்சம் லைனர் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் வழியாகக் கீழே ஆயில் சேம்பருக்கு இறங்கும். எரியும்போது உண்டாகும் நீராவியும் குளிர்ந்த சுவரில் தண்ணீராகப் படியும். ஆயில் நன்றாகச் சூடானால் அந்த ஈரம் ஆவியாகிப் போய்விடும். சூடாகாவிட்டால் உள்ளேயே தங்கி ஆயிலைக் கெடுக்கும். லைனர், ரிங் தேய்மானத்தில் பெரும்பங்கு இந்தக் குளிர் ஓட்டத்தில் நடப்பதுதான்.

மைலேஜ் குறைந்துவிட்டது என்று ஒரு இண்டிகா வந்தது. இன்ஜெக்டர் வேலை வரை ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவினேன். ஆயில் அளவு மேல் கோட்டைத் தாண்டியிருந்தது. ஆயில் ஊற்றாமலே அளவு கூடுகிறது என்றால் அதில் வேறு ஏதோ கலக்கிறது என்று அர்த்தம். விரலில் தொட்டால் பிசுக்கே இல்லை, தண்ணீர் போல வழிந்தது. மோந்து பார்த்தால் டீசல் வாடை. தெர்மோஸ்டாட் ஹவுசிங்கைக் கழற்றினால் உள்ளே வெறும் ஓட்டை. புது தெர்மோஸ்டாட், ஆயில், பில்டர் மாற்றியதும் மைலேஜ் தேறியது. அதற்குள் ரிங் தேய்ந்தது தேய்ந்ததுதான், அதை எந்த ஆயிலும் திருப்பித் தராது.

தெர்மோஸ்டாட் என்பது மெழுகு அடைத்த ஒரு சின்ன வால்வு. பெரும்பாலும் 82 அல்லது 88 டிகிரியில் திறக்கும்; எத்தனை என்று அதன் மேலேயே பொறித்திருப்பார்கள். அதுவரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்ற வைக்கும். பல இன்ஜின்களில் இதே வால்வின் அடித்தட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு: மேலே திறக்கும்போது கீழே பைபாஸை, அதாவது ரேடியேட்டருக்குப் போகாமல் கூலண்ட் இன்ஜினுக்கே திரும்பும் குறுக்கு வழியை, அடைப்பது. அப்படிப்பட்ட வண்டியில் தெர்மோஸ்டாட்டை எடுத்தால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். கூலண்டில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாது. சாதாரண ஓட்டத்தில் குளிர்ந்தும், மேடு வந்தால் ஹீட் ஆகியும் வண்டி இரண்டு விதத்திலும் படுத்தும்.

சந்தேகம் இருந்தால் கழற்றிச் சோதித்துவிடலாம். பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி அடியில் படாமல் தொங்கவிட்டு, பக்கத்தில் தெர்மாமீட்டரை வையுங்கள். பொறித்த எண்ணுக்கு அருகில் மெல்ல வாய் திறக்க ஆரம்பிக்கும். தண்ணீர் கொதிக்கும்போதும் பாதிதான் திறந்திருக்கிறது, அல்லது ஆறிய பிறகும் இடுக்கு விட்டு நிற்கிறது என்றால் மாற்றிவிடுங்கள். இன்ஜின் வேலைக்கு ஆகும் செலவோடு பார்த்தால் அதன் விலை ஒன்றுமே இல்லை.

மீட்டர் முள்ளை அப்படியே நம்பிவிடக் கூடாது. பல கார்களில், கூலண்டின் சூடு கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். முள் நடுவை விட்டு மேலே கிளம்பும்போது உள்ளே ஏற்கெனவே நிலைமை மோசமாகியிருக்கும். இதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. சென்சார் கூலண்டில் மூழ்கியிருந்தால்தான் சரியான சூட்டைக் காட்டும். ஹோஸ் வெடித்துக் கூலண்ட் மொத்தமும் கொட்டிவிட்டால் சென்சாரைச் சுற்றிக் காற்றுதான் இருக்கும். இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்கிவிடும். மேடு ஏறும்போது, காரணமே இல்லாமல் முள் சட்டென்று விழுந்தால் உடனே நிறுத்துங்கள். இறக்கத்தில் கொஞ்சம் இறங்குவது டீசலுக்கு இயல்பு, அது வேறு.

தொடாமலே சூட்டை அளக்கும் டெம்பரேச்சர் கன் வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பளபளக்கும் அலுமினிய ஹவுசிங்கில் அது உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். அந்த இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அதன் மேல் பாருங்கள். ஓபிடி போர்ட் (ஸ்கேனர் மாட்டும் சாக்கெட்) உள்ள வண்டியென்றால் சின்ன ஸ்கேனர் ஒன்றை மாட்டி, கூலண்ட் சூட்டைப் போனிலேயே எண்ணாகப் பார்க்கலாம்.

அடுத்தது ரேடியேட்டர் மூடி. அதை வெறும் மூடி என்று நினைப்பதால்தான் மலைப்பாதையில் இத்தனை வண்டிகள் பானட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. 0.9 பார் அழுத்தம் பிடிக்கிற மூடி இருந்தால் சமவெளியில் வெறும் தண்ணீர்கூடச் சுமார் 118 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் போய்விட்டால் 100லேயே கொதிக்கும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி அழுத்தம் பிடிக்காவிட்டால், 90ல் ஓட வேண்டிய இன்ஜினுக்கு அங்கே மிச்சம் இருப்பது இரண்டு மூன்று டிகிரிதான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கே 1,500 மீட்டர் ஏற்றம். இரண்டாம் கியரில் உறுமிக்கொண்டு ஏறும் வண்டியில் மூடி அழுத்தம் பிடிக்கவில்லை என்றால், வேறு கோளாறு எதுவும் இல்லாமலே பாயில் ஆகும். அங்கே போய்த் தெர்மோஸ்டாட்டைக் குறை சொல்லி என்ன பயன்? மலைக்குக் கிளம்புமுன் மூடியின் ரப்பரையும் ஸ்பிரிங்கையும் பாருங்கள். சந்தேகம் வந்தால் அதே அழுத்த அளவு போட்ட மூடியாக வாங்கி மாற்றுங்கள்.

தண்ணீர் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. நம் ஊர் போர் தண்ணீரில் உப்பு அதிகம். வீட்டுப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற அதே உப்புதான் ரேடியேட்டர் குழாய்களிலும் ஹெட்டுக்குள்ளும் படியும். ஒரு மெல்லிய படிவமே சூட்டை வெளியே விடாது. கூலண்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். துருவையும் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும்.

இதையெல்லாம் செய்தும் வழியில் சூடேறினால், முதலில் ஏசியை நிறுத்துங்கள். ஹீட்டர் இருந்தால் முழுதாகத் திறந்து ஃபேனை வையுங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை, அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். ஆவி வந்துவிட்டால் இன்ஜினை அணைத்துவிடுங்கள். மூடியில் கை வைக்காதீர்கள், கொதிக்கும் தண்ணீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். சூடான இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள், ஹெட் விரிசல் விடும். அரை மணி நேரமாவது ஆறவிட்டு, மேல் ஹோஸைத் தொட்டுப் பார்த்து, தடித்த துணி போட்டு மூடியை மெல்லத் திருப்புங்கள். தண்ணீர் நிரப்பிய பிறகு ஸ்டார்ட் செய்து ரேடியேட்டர் வாயைக் கவனியுங்கள். காற்று வெளியேறும்போது முதலில் சில குமிழிகள் வரும். நிற்காமல் குமிழி வந்துகொண்டே இருந்தால் ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு அதிகம். அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வராதீர்கள், கட்டி இழுத்து வாருங்கள்.