கணக்குத் தாளின் கடைசிக்கு முந்தைய வரி

வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வருபவர்கள் தாளில் பார்ப்பது ஒரே இடத்தைத்தான்: கட்ட வேண்டிய தொகை. அதற்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். போன வருடம் ஒருவர் கேட்டார்: “சார், இந்த சர்சார்ஜ், செஸ் எல்லாம் நம்ம மாநிலத்துக்கும் பங்கு போகுமா?”

போகாது. சர்சார்ஜ் என்பது வருமானம் அதிகமுள்ளவர்களின் வரிமேல் போடும் கூடுதல் வரி; செஸ் என்பது ஒரு குறிப்பிட்ட செலவுக்கென்று தனியே வாங்கும் வரி.

அவர் கணக்கையே கொஞ்சம் உருட்டி எழுதுகிறேன். வருமானம் ஒரு கோடிக்கு மேல். வரி 40 லட்சம். அதன்மேல் 15 சதவீத சர்சார்ஜ், 6 லட்சம். இரண்டுக்கும் சேர்த்து 4 சதவீத செஸ், 1,84,000. ஆக மொத்தம் 47,84,000 ரூபாய். மத்திய வரியில் மாநிலங்களுக்கு எவ்வளவு பங்கு என்று பரிந்துரைப்பது நிதிக்குழு; 15வது நிதிக்குழு சொன்ன 41 சதவீதம் அந்த 40 லட்சத்துக்கு மட்டும்தான், 16,40,000 ரூபாய். அவர் கட்டிய மொத்தப் பணத்தில் அது 34 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். (வசூல் செலவை இங்கே விட்டுவிட்டேன்.) அரசியல் சாசனத்தின் 270வது பிரிவே செஸ், சர்சார்ஜ் இரண்டையும் பங்கீட்டிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. சட்டப்படி குற்றம் சொல்ல இடமில்லை.

1976ல் 42வது திருத்தம் கல்வியையும் காடுகளையும் மாநிலப் பட்டியலிலிருந்து, மத்திய அரசும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. அதை இன்றும் மேடையில் பேசுகிறார்கள். பண விஷயத்தில் அதிகாரம் கைமாறுவதற்கு அவ்வளவு சத்தம் தேவையில்லை. 2021 பட்ஜெட்டில் பெட்ரோலுக்கு லிட்டருக்கு இரண்டரை ரூபாய் வேளாண் செஸ் போட்டார்கள். கூடவே அடிப்படைக் கலால் வரியை 2.98 ரூபாயிலிருந்து 1.40 ஆக்கினார்கள், சிறப்புக் கலாலிலும் ஒரு ரூபாய் குறைத்தார்கள். பெட்ரோல் பங்கில் விலை ஏறவில்லை, ஆகவே யாரும் கவனிக்கவும் இல்லை. அப்போது மத்தியக் கலால் மொத்தம் 32.90 ரூபாய், அதில் மாநிலங்களோடு பங்கிட வேண்டியிருந்தது அந்த 1.40 மட்டும். எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து 57 பைசா! மாநிலங்கள் தனியே வாட் என்ற விற்பனை வரி போட்டுக்கொண்டன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வருவதற்கு முன்னால் மாநில பட்ஜெட் நாளில் வாட் விகிதம் மாறுகிறதா என்று டிவி முன்னால் உட்கார்ந்திருப்போம். இப்போது அன்றைக்கு எங்களுக்கு வேலையே இல்லை. விகிதம், மத்திய, மாநில அமைச்சர்கள் சேர்ந்து உட்காரும் ஜிஎஸ்டி கவுன்சிலில் முடிவாகிறது. அங்கே மத்திய அரசின் வாக்கு மூன்றில் ஒரு பங்கு. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வேண்டும். எல்லா மாநிலங்களும் ஒன்றாகக் கை தூக்கினாலும் போதாது. கவுன்சில் சொல்வது கட்டாயமில்லை, பரிந்துரைதான் என்று 2022ல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் என் மேஜைக்கு வரும் பில்களில் எதுவும் மாறவில்லை.

சரி, எல்லாமே டெல்லி பக்கம்தான் சாய்கிறது என்றும் சொல்ல மாட்டேன். கனிம உரிமைகளுக்கு வரி போடும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று 2024ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது.

அடுத்த முறை ‘வரிக் குறைப்பு’ என்று செய்தி வந்தால் எந்தத் தலைப்பில் குறைத்தார்கள் என்று பாருங்கள். செஸ்ஸில் குறைத்தால் முழு இழப்பும் மத்திய அரசுக்கு. அடிப்படை வரியில் குறைத்தால், ஒவ்வொரு ரூபாயிலும் 41 பைசா மாநிலங்களின் பையிலிருந்து போகிறது.