அரிய வகையா, அயலினமா?

பாங்காக்கில் இருந்து வந்த பெட்டியில் ஆமைக்குஞ்சுகள் சிக்கினால் போதும், மறுநாள் செய்தியில் அவை 'அரிய வகை ஆமைகள்' ஆகிவிடும். பல தடவை அது சிவப்புக்காது ஆமைதான். உலகில் மிக அதிகமாக வீடுகளில் வளர்க்கப்படும் ஆமைகளில் ஒன்று. இதில் அரிது எங்கே வந்தது? ஆங்கிலத்தின் 'எக்ஸாட்டிக் பெட்' என்பதைத் தமிழில் 'அரிய வகை' ஆக்குவதால் வந்த வினை இது.

'எக்ஸாட்டிக்' என்பதன் வேர், 'வெளியே' என்று பொருள்படும் கிரேக்க 'எக்ஸோ'. லத்தீன் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குப் போனது. அழகு, புதுமை எல்லாம் பிற்பாடு ஒட்டிக்கொண்டவை. ('கவர்ச்சியான செல்லப்பிராணி' என்று இயந்திரம் துப்பியதை அப்படியே அச்சேற்றுகிறவர்களோடு வாதாடிப் பயனில்லை.)

'அரிய வகை' சட்டத்தையே தலைகீழாகப் புரியவைக்கிறது. கிளி ஜோசியரின் பச்சைக்கிளியில் என்ன அரிது? ஆனாலும் அதைக் கூண்டில் வளர்ப்பது 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த பட்ஜி என்ற குட்டிக்கிளிக்குத் தடையில்லை. நம் கடைகளில் அதை 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்பது தனிக்கூத்து. அந்த ஆஸ்திரேலியாவிலேயே பல மாநிலங்களில் உள்நாட்டு மலைப்பாம்பை உரிமம் வாங்கி வளர்க்கலாம், அமெரிக்காவின் கார்ன் பாம்பை வளர்க்க முடியாது. குயின்ஸ்லாந்தில் முயலுக்கே தடை. முயல் அரிய வகையா? இங்கெல்லாம் சட்டம் முதலில் பார்ப்பது இது இந்த மண்ணின் இனமா, வெளியே இருந்து வந்ததா என்பதைத்தான்.

சரி, 'வெளிநாட்டு' என்று போடலாமே? கொஞ்சம் தேவலை. ஆனால் நட்சத்திர ஆமை இலங்கையிலும் உண்டு. கொழும்பில் இருந்து கொண்டுவந்தால் அது வெளிநாட்டு ஆமை, இந்தியாவுக்கு அயலினம் அல்ல. பேச்சுவழக்கில் 'சீமை' இருக்கிறது: சீமைக்கருவேலம், சீமைப்பசு. எனக்குப் பிடித்த சொல்தான், சட்டத்தில் எழுதினால் சிரிப்பார்கள்.

ஆகவே 'அயலினம்'. அடுத்து 'பெட்'. 'செல்லப்பிராணி'யில் உள்ள 'பிராணி' வடசொல் என்று முகம் சுளிப்பவர்கள் 'செல்ல விலங்கு' என்கிறார்கள். கிளியை விலங்கு என்று அழைக்க எனக்கு வாய் வரவில்லை. 'அயலின வளர்ப்புயிர்' என்றால் பாம்பும் பறவையும் அடங்கும்.

இது வெறும் சொல் சண்டை இல்லை. சைட்டிஸ் (காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள அயலினங்களை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்கின்றன 2024-இல் வந்த விதிகள். அதை 'அரிய வகை' என்று மொழிபெயர்த்தால், வீட்டில் பச்சை இக்வானா வைத்திருப்பவர் "கடையில் வாங்கினதுதானே" என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்.