புரை ஏறினால் யாரும் நினைப்பதில்லை

இரண்டாண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து வலப்பக்கம் தளர்ந்துபோன மூதாட்டி ஒருவருக்குக் காய்ச்சல் என்று, ராமேசுவரத்தை அடுத்த மண்டபம் ஊர்ப் பக்கத்து மீனவர் குடியிருப்பு ஒன்றிலிருந்து சென்ற வாரம் அழைப்பு வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. பேச வாயெடுத்தால் தொண்டைக்குள் சளி கொப்பளித்தது. விசாரித்ததில், மூன்று நாட்களுக்கு முன் வந்த இரண்டு இளம் தன்னார்வலர்கள், பாயில் படுத்திருந்தவரின் தலையை மட்டும் கையால் தூக்கிப் பிடித்து இளநீர் கொடுத்திருக்கிறார்கள். அவருக்குப் புரை ஏறியதும் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாக அப்பத்தா" என்று சிரித்துவிட்டு, மிச்சத்தையும் குடிக்கவைத்துவிட்டுக் கிளம்பியிருக்கிறார்கள். இந்த ஆண்டில் இப்படி நுரையீரலில் சளி கட்டி நான் மருத்துவமனைக்கு அனுப்பிய நான்காவது ஆள் அவர்.

அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வீடு வீடாகச் சென்று படுக்கையில் இருப்பவர்களைக் கவனிக்கும் செவிலியர் என்ற முறையில், தன்னார்வலர்கள் இல்லாமல் இந்தக் கரையில் முதியோர் பராமரிப்பு நடக்காது என்பதை நான் நன்றாக அறிவேன். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கும் 61 நாட்களில் மகனாவது வீட்டில் இருப்பான். ஜூன் 15 பிறந்துவிட்டால் அவன் கடலுக்கும், மருமகள் கடற்பாசி எடுக்கவோ கருவாடு காயவைக்கவோ போய்விட, பகல் முழுவதும் அந்த வீட்டில் கிழவி ஒருத்திதான். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் எங்களைப் போன்றவர்கள் வீட்டுக்கே வருகிறோம் என்றாலும், மூன்று வேளையும் வந்து ஊட்ட எங்களால் ஆகாது. 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோதும் நடக்கமுடியாத முதியவர்களைத் தோளில் சுமந்தவர்கள் இப்படிப்பட்ட பிள்ளைகள்தாம். அதனால்தான் அவர்களிடமே பேசவேண்டியிருக்கிறது.

முதலில் அந்த 'யாரோ நினைக்கிறார்கள்' என்பதை விட்டொழிக்கவேண்டும். வீட்டில் நல்ல உடம்போடு இருப்பவர்களிடையே அது ஒரு செல்லப் பேச்சாக இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் பக்கவாதமோ நடுக்கவாதமோ மறதி நோயோ உள்ள ஒருவருக்குப் புரை ஏறுகிறது என்றால், உணவுக்குழாய்க்குப் போகவேண்டியது மூச்சுக்குழாய்க்குள் போய்க்கொண்டிருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு பொருளே கிடையாது. தலையில் தட்டுவதால் உள்ளே போனது ஓர் இழைகூட வெளியே வராது. உச்சந்தலைக்கும் மூச்சுக்குழாய்க்கும் இடையில் அப்படி ஒரு வழி இல்லை. உள்ளே போனதை வெளியே தள்ளும் வேலையை இருமல் ஒன்றுதான் செய்கிறது. ஆகவே அவர் இருமும்போது தட்டி அடக்காமல், தண்ணீர் கொடுத்து அமுக்காமல், உடம்பைச் சற்று முன்னால் சாய்த்துவிட்டு இரும விடுங்கள். 'புரை ஏறிடுச்சு, ஒரு வாய் தண்ணி குடி' என்று நம் வீடுகளில் சொல்வது, ஏற்கெனவே திறந்து கிடக்கும் தவறான வழியில் இன்னும் கொஞ்சம் ஊற்றுவதற்குச் சமம். இருமல் வராதவர்களும் உண்டு என்பது இதைவிடக் கவலைக்குரியது. பக்கவாதத்தால் தொண்டையில் உணர்வு மங்கிப்போனவர்களுக்குச் சத்தமே இல்லாமல் உள்ளே இறங்கிவிடும். 'சமர்த்தாகக் குடித்தார்' என்று ஊட்டியவர் மகிழ்ந்துவிட்டுப் போவார், இரண்டு நாள் கழித்துக் காய்ச்சல் வரும்.

தண்ணீராக இருந்தால் எளிதாக இறங்கும் என்பது அடுத்த தவறான எண்ணம். தளர்ந்த தொண்டை மூச்சுக்குழாயின் வாசலை மூடும் முன்பே தண்ணீர், இளநீர், பதநீர், தேநீர் போன்றவை ஓடிவிடுகின்றன. கூழோ குழைந்த கஞ்சியோ மெதுவாக நகர்வதால் தொண்டைக்கு நேரம் கிடைக்கிறது. நீரும் சோறும் கலந்த பழைய கஞ்சியும் ரசம் சாதமும் இன்னும் சிக்கலானவை, ஏனென்றால் சோற்றை மெல்வதற்குள் நீர் முந்திக்கொள்ளும். வழுக்கிக்கொண்டு போகும் நுங்கைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். யாருக்கு எவ்வளவு கெட்டியாகக் கொடுக்கலாம் என்பதை மருத்துவரோ செவிலியரோ பார்த்துச் சொல்லவேண்டும். அதை வீட்டாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் எதையும் வாயில் வைக்காதீர்கள்.

எச்சில் படாமல் அண்ணாந்து குடிக்கும் நம் வழக்கம் மரியாதையானதுதான், ஆனால் இவர்களுக்கு ஆகாது. தலை பின்னால் சாய்ந்தால் மூச்சுக்குழாயின் வாசல் விரிகிறது. நிமிர்த்தி உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, முகவாய் நெஞ்சை நோக்கிச் சற்றே தாழ்ந்திருக்கும்படி பார்த்துக்கொண்டு, நீங்களும் அவருக்கு எதிரே அதே உயரத்தில் உட்காருங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் அண்ணாந்துதான் வாங்கவேண்டும். சிறிய கரண்டியில் பாதி போதும். தொண்டையில் குரல்வளை மேடு ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். தளர்ந்த பக்கத்துக் கன்னத்தில் சோறும் வெற்றிலைச் சக்கையும் ஒதுங்கிக் கிடக்கும். உணவுக்கு முன்னும் பின்னும் அதைத் துடைத்தெடுங்கள். வாய் அழுக்காக இருந்தால் உள்ளே இறங்கும் எச்சிலே நுரையீரலைக் கெடுக்கும் என்பதால், பல் துலக்கிவிடுவதும் மருத்துவம்தான். கைபேசியைப் பையில் வையுங்கள். படம் எடுப்பதற்காக அவரைத் திரும்பிப் பார்க்கச் சொல்லும் நொடியில்தான் புரை ஏறுகிறது.

அரைத் தூக்கத்தில், கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லாத நிலையில் இருப்பவருக்கு ஒரு சொட்டும் கூடாது, சர்க்கரைத் தண்ணீரானாலும் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். பேசவும் இருமவும் மூச்சுவிடவும் முடியாமல் திணறினால் அது அடைப்பு. முன்னால் குனியவைத்து, இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள், கூட இருப்பவர் 108-ஐ அழைக்கட்டும்.

சாப்பிட்டு முடித்ததும் படுக்கவைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடாதீர்கள். குறைந்தது அரை மணி நேரம் அவர் நிமிர்ந்தே இருக்கவேண்டும், அந்த அரை மணியில் பேச்சுக் கொடுங்கள். தனுஷ்கோடிப் புயலை நேரில் பார்த்தவர்கள் இந்தக் கரையில் இன்னும் இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள். அவர் பேசும்போது குரலைக் கவனியுங்கள்: தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கொழகொழவென்று கேட்டால், தொண்டையில் ஏதோ தங்கிவிட்டது என்று பொருள். அன்று மேற்கொண்டு எதுவும் ஊட்டாமல், வீட்டார் திரும்பி வந்ததும் அவர்களிடமும், எங்களில் ஒருவரிடமும் அதைச் சொல்லிவிட்டுப் போங்கள்.