டி.என்.ஏவை மரபணு என்று எழுதலாமா?

குழந்தையின் தந்தை யார் என்ற வழக்கு வந்தால் போதும், "மரபணு சோதனைக்கு நீதிமன்றம் உத்தரவு" என்று செய்தி வந்துவிடும். உண்மையில் அது டி.என்.ஏ சோதனை. மரபணு என்பது ஜீனுக்கான தமிழ்ச்சொல் (இலங்கைப் பாடநூல்களில் பரம்பரையலகு). டி.என்.ஏ என்பது அந்த மரபணு எந்தப் பொருளால் ஆனதோ அந்தப் பொருள், ஒரு அமிலம். மனித டி.என்.ஏவில் புரதம் செய்வதற்கான குறிப்புள்ள பகுதி 2 சதவீதத்துக்கும் குறைவு, அதிலும் ஆளை அடையாளம் காணும் சோதனையில் பார்ப்பது அந்தப் பகுதியைக்கூட அல்ல, புரதக் குறிப்பு எதுவும் இல்லாமல் சில எழுத்துகள் (டி.என்.ஏவின் காரங்களை இப்படிச் சொல்வது வழக்கம்) மட்டும் திரும்பத் திரும்ப வரும் துண்டுகளைத்தான். அப்புறம் அதை மரபணு சோதனை என்று எழுதுவது எப்படிச் சரியாகும்?

சரி, பெயருக்கு வருவோம். டிஆக்சிரைபோ நியூக்ளிக் அமிலம். இதில் மரபு என்ற பொருள் தரும் சொல் எங்குமே இல்லை. காரணம், இந்தப் பொருள் எதற்கு இருக்கிறது என்று தெரிவதற்கு முன்பே துண்டு துண்டாகப் பெயர் சூட்டிவிட்டார்கள்.

'நியூக்ளிக்' 1869இல் தொடங்குகிறது. ஜெர்மனியின் டியூபிங்கன் நகரில், பழைய கோட்டையின் சமையலறையாக இருந்த இடத்தில் நடந்த ஆய்வகத்தில் வேலை செய்தார் சுவிட்சர்லாந்துக்காரர் ஃப்ரீட்ரிக் மீஷர். அறுவை சிகிச்சை மருத்துவமனையிலிருந்து சீழ் படிந்த கட்டுத்துணிகளை வாங்கிவந்து, உப்புக் கரைசலில் அலசி வெள்ளணுக்களைப் பிரித்தார். பன்றியின் இரைப்பையிலிருந்து எடுத்த பெப்சின் என்ற செரிமான நொதியை ஊற்றினால் புரதமெல்லாம் செரித்துப்போயிற்று, உட்கருவிலிருந்த ஒரு பொருள் மட்டும் அசையவில்லை. அதில் பாஸ்பரசும் நிறைய இருந்தது. உட்கருவிலிருந்து, அதாவது நியூக்ளியஸிலிருந்து வந்ததால் நியூக்ளின் என்றார். அதற்கு அமிலக் குணம் உண்டு என்பதால் 1889இல் ரிச்சர்ட் ஆல்ட்மன் நியூக்ளிக் அமிலம் என்று மாற்றினார். நியூக்ளியஸ் லத்தீனில் கொட்டைக்குள் இருக்கும் பருப்பைக் குறிக்கும் சொல், நம் 'உட்கரு'வும் அந்தப் பொருளுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

'ரைபோ' வந்த கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. வேல மர வகைகளிலிருந்து வடியும் அரபிப் பிசினில் உள்ள சர்க்கரைக்கு அரபினோஸ் என்று பெயர். அதற்கு நெருங்கிய உறவான இன்னொரு சர்க்கரைக்கு, அந்தப் பெயரின் எழுத்துகளையே இடம் மாற்றிப் போட்டு 1891இல் எமில் ஃபிஷர் உருவாக்கிய பெயர் ரைபோஸ். தனிப் பொருள் கிடையாது. அதனால் இதைத் தமிழில் மொழிபெயர்க்க முயல்வதே வீண், ரைபோ என்று அப்படியே எழுதிவிடலாம்.

'டிஆக்சி' என்றால் ஆக்சிஜன் நீங்கிய என்று பொருள். எல்லா ஆக்சிஜனும் அல்ல, ரைபோஸ் சர்க்கரையின் 2ஆம் கார்பனில் இருந்த ஒரே ஒரு ஆக்சிஜன். அந்த ஒன்று இருப்பதால்தான், ரைபோஸைக் கொண்ட இன்னொரு நியூக்ளிக் அமிலமான ஆர்.என்.ஏ சீக்கிரம் அறுந்துபோகிறது. அது இல்லாததால் டி.என்.ஏ பல்லாயிரம் ஆண்டுப் பழைய எலும்பிலும் மிஞ்சுகிறது. டி.என்.ஏவின் இந்தச் சர்க்கரையை 1929இல் அடையாளம் கண்ட ஃபீபஸ் லெவீன், அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்ற நான்கு காரங்களும் சம அளவில் திரும்பத் திரும்ப வருவதுதான் டி.என்.ஏவின் அமைப்பு என்றும் கருதினார். ஒரே மாதிரி திரும்பும் பொருளில் என்ன செய்தி இருக்க முடியும் என்று பலரும் புரதத்தையே மரபுப்பொருள் என நம்பினார்கள். லெவீன் வேலை செய்த அதே ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் 1944இல் ஏவரி, மெக்லியாட், மெக்கார்ட்டி மூவரும், நோய் தராத நிமோனியா பாக்டீரியாவை நோய் தருவதாக மாற்றும் பொருள் டி.என்.ஏதான் என்று காட்டினார்கள். மரபுப்பொருள் என்ற தகுதி அதற்கு வந்தது அப்போதுதான், பெயர் வைத்து முடிந்த பிறகு.

1953இல் வாட்சனும் கிரிக்கும் இரட்டைச் சுருள் அமைப்பை வெளியிட்டார்கள். ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் எக்ஸ்-கதிர்த் தரவுகள் இல்லாமல் அது நடந்திருக்காது, இதை ஒவ்வொரு முறையும் சொல்லத்தான் வேண்டும். அடினைன் எதிரே தைமின், குவானைன் எதிரே சைட்டோசின். ஒரு இழை தெரிந்தால் மற்றது தானே தெரிந்துவிடும், அப்படியானால் இரண்டும் பிரிந்து தலைக்கொரு புது இழையைக் கட்டிக்கொள்ளலாம் அல்லவா? 1958இல் மெசல்சனும் ஸ்டாலும் பாக்டீரியாவை முதலில் கனமான நைட்ரஜனிலும் பிறகு சாதாரண நைட்ரஜனிலும் வளர்த்துப் பார்த்தார்கள். ஒரு தலைமுறை கழிந்ததும் டி.என்.ஏ முழுக்க நடு எடையில் வந்தது, ஒரு இழை பழையது, ஒன்று புதியது.

இனி, எதை எழுதுவது? முழுப்பெயர் வேண்டுமென்றால் 'ஆக்சிஜன் குறைந்த ரைபோ உட்கரு அமிலம்' என்பது பொருளோடு ஒத்துப்போகிறது. சிலர் 'தாயனை' என்று எழுதுகிறார்கள், ஒலிக்கு நெருக்கமான அழகான சொல்தான், ஆனால் விளக்கம் இல்லாமல் வாசகருக்குப் புரிவதில்லை. நான் டி.என்.ஏ என்றே எழுதுகிறேன், அது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சொல். டி.என்.ஏ தன்னைப் போல் இன்னொன்றை உண்டாக்குவதற்கு 'இரட்டிப்பாதல்' என்று எழுதுங்கள். 'படியெடுத்தல்' வேண்டாம், நம் பாடநூல்களில் அது டி.என்.ஏவிலிருந்து ஆர்.என்.ஏ உருவாவதற்கான சொல்.